வெளிச்சம் எந்தப் பக்கம்?

செங்கல்பட்டு,
15 ஜூன் 2025, ஞாயிறு

அன்பு மகள் இனாயாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அத்தாவும் இங்கே சுகம். உனக்கு வயிறும் தூக்கமும் கெடாமல் இருக்க துஆ செய்துகொண்டிருக்கிறேன். உன்னை விட்டுவிட்டுத் திரும்பும்போது அத்தா சேலத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கினார். அங்கே டீ குடித்துவிட்டு, "புள்ள மூஞ்சி ஒரு மாரி இருந்துச்சு இல்ல?" என்றார். பத்தாவது படிக்கிற மூஞ்சி அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாதத்துக்கு ஒரு போன், அதுவும் மூன்று நிமிஷம் என்று விடுதியில் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கடிதம் எழுதலாமாம், ஆனால் வார்டன் படித்துப் பார்த்துத்தான் தருவாராம். படிக்கட்டும். வார்டன் மேடம், உங்களுக்கும் என் சலாம். இந்தச் சாக்கில் என் மகளின் கோழிக் கிறுக்கல் கொஞ்சம் திருந்தினால் சந்தோஷம்.

உனக்கு ஒரு வீட்டுப்பாடம். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் உன் கண்ணெதிரே இருக்கும் சாமான் ஒன்றை வரைந்து அனுப்ப வேண்டும். நான் திருத்தி அனுப்புவேன். டிராயிங் மிஸ்ஸுக்கு மகளாகப் பிறந்தால் இந்தத் தொல்லையெல்லாம் உண்டு.

என் கடலோரப் பள்ளிக் கதை வழக்கம்போல்தான். வாரத்தில் மூன்று அரை நாள் வந்துபோகிறவளுக்கு டைம்டேபிளில் மிச்சம்மீதிதானே கிடைக்கும். ஆறு, ஏழு, எட்டுக்கு இரண்டு பீரியட். ஒன்பதுக்கு ஒன்று. பத்துக்கு ஒன்று என்று சுவரில் ஒட்டியிருக்கிறது, அதைக் கணக்கு பார்த்தசாரதி சார் முதல் நாளே வாங்கிக்கொண்டார். "படம் தானே மிஸ், வூட்ல போட்டுக்கினு வரட்டும். எனக்கு போர்ஷன் முடியாது" என்றார். நானும் சரி என்று சிரித்தேன். பன்னிரண்டு வருஷமாக அதே சிரிப்பு.

ஒன்பதாம் வகுப்பை மட்டும் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் படகு வரைய வைத்தேன். காலையில் கடல் பக்கமிருந்து வெளிச்சம் வரும், படகின் நிழல் ஊர்ப்பக்கம் விழும். உனக்கு ஐந்து வயதில் சொன்ன அதே பாடம்தான். கோடு போடும் முன்னால், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்.

மோர் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதே.

துஆவுடன்,
அம்மா ஃபக்ருன்னிசா


பெண்கள் விடுதி,
29 ஜூன் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அத்தா கம்பெனி பஸ்ஸை விடாமல் பிடிக்கிறாரா?

இங்கே நாலரைக்கு எழுப்புகிறார்கள். காலையில் தேர்வு, மாலையில் தேர்வு, நடுவில் தேர்வுக்குப் படிப்பு. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். வார்டன் மேடம் படிப்பார் என்பதால் சாம்பார் நல்ல சாம்பார் என்றும் எழுதிக்கொள்கிறேன்.

என் ஸ்கெட்ச் நோட்டை முதல் நாளே ஆபீசில் வாங்கி வைத்துவிட்டார்கள். வருஷக் கடைசியில் தருவார்களாம். அம்மா, இங்கே சனிக்கிழமை ஒரு மணி நேரம் டிராயிங் வகுப்பு இருக்கிறது. பத்தாம் வகுப்பிலிருந்து ஏழு பேர் போகிறார்கள். என்னை விடவில்லை. "டிராயிங், பாட்டு, விளையாட்டு எதுவும் வேண்டாம், அந்த நேரமும் படிப்புக்கே கொடுங்கள்" என்று ஒரு படிவத்தில் உங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அத்தாவா போட்டார்? நீங்கள் பக்கத்தில் இருந்தும் எப்படி விட்டீர்கள்?

வீட்டுப்பாடம் கீழே. ஜன்னல், அதில் காயும் என் பச்சை துப்பட்டா. வெளிச்சம் இடது பக்கம். கேட்டுக்கொண்டுதான் கோடு போட்டேன்.

உங்கள்
இனா


செங்கல்பட்டு,
6 ஜூலை 2025

என் செல்ல இனாவுக்கு,

சலாம். முட்டிவலி என்னைவிட நன்றாக இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? இருமல் ஏதும் இல்லையே?

துப்பட்டாவின் மடிப்பு அருமை. ஜன்னல் கம்பிகள்தான் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டு நிற்கின்றன. சிவப்பு மையால் சரிசெய்து இதோடு வைத்திருக்கிறேன். பத்துக்கு ஏழு.

படிவத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அன்றைக்கு ஆபீசில் ஏகப்பட்ட காகிதம் நீட்டினார்கள். அத்தாதான் எதிலாவது போட்டிருப்பார். அவரிடம் இதைப் பெரிதாகக் கேட்டுக்கொண்டிருக்காதே, ஒரு வருஷம்தான், கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். சனிக்கிழமை ஒரு மணி நேரத்தில் அவர்கள் என்ன பெரிதாகச் சொல்லிக்கொடுத்துவிடப் போகிறார்கள்? கிரீட்டிங் கார்டுதான் செய்வார்கள்.

நேற்று ஹெச்.எம். ஞானம்பாள் மேடம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஓவியத்துக்கு நோட்டு வாங்கப் போகிறோமோ என்று ஓடினேன். கழிப்பறைச் சுவரில் 'ஆண்', 'பெண்' என்று அழகாக எழுதித் தர வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன். நிழல் எழுத்தில்.

நன்றாகப் படி. என் மாதிரி சுவரில் எழுதுகிற பிழைப்பு உனக்கு வேண்டாம்.

அன்புடன்,
அம்மா


பெண்கள் விடுதி,
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சலாம். நான் சுகம். நீங்கள் சுகமா?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வாரத் தேர்வில் கணக்கில் எழுபத்தொன்று எடுத்தேன். தொண்ணூறுக்குக் கீழே எடுப்பவர்களைச் சிறப்புக் கவனத்தில் சேர்ப்பார்கள். என்னையும் இரண்டு வாரமாகச் சிறப்புக் கவனத்தில் வைத்திருக்கிறார்கள். வகுப்புக்குப் போக வேண்டாம், தனியாகவே படிக்கலாம். சத்தமே இருக்காது. கவலைப்பட வேண்டாம்.

போனில் அத்தாவிடம் பேசப் பிடிக்கவில்லை. அவர்தானே கையெழுத்துப் போட்டார்.

இங்கே வரைய வாளி ஒன்றுதான் இருக்கிறது. வாளியை வரைந்திருக்கிறேன்.

இனாயா


செங்கல்பட்டு,
10 ஆகஸ்ட் 2025

அன்பு இனாவுக்கு,

சலாம். எழுதவே இல்லையே என்று பயந்துபோயிருந்தேன். உன் கடிதத்தைப் பார்த்ததும்தான் சோறு இறங்கியது. சிறப்புக் கவனம் என்று நீ எழுதியதை அத்தாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டு சாரதாம்பாள் அக்காவிடமும் பீற்றிக்கொண்டேன். அறுபது பிள்ளைகள் உட்காரும் வகுப்பில் உன்னை மட்டும் தனியாகக் கவனிக்கிறார்கள் என்றால் சும்மாவா? என் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் சிறப்பாக நான் கொடுத்தது அதிகபட்சம் ஒரு ரப்பர்.

இப்போது வாளிக்கு வருவோம். வாளியின் வாய் வட்டம் நன்றாக வந்திருக்கிறது. நிழல்தான் சொதப்பல். வாளியைச் சுற்றிக் குட்டையாக, சாணி மெழுகினாற்போல் ஒரு திட்டு. வெளிச்சம் எந்தப் பக்கம்? ஜன்னல் எந்தப் பக்கம்? காலையில் வரைந்தாயோ மாலையில் வரைந்தாயோ, நிழல் ஒரு பக்கமாகச் சாய வேண்டாமா? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இந்தத் தப்பைச் செய்வதில்லை. உன் நிழலை அடித்துவிட்டு, எப்படி விழ வேண்டும் என்று சிவப்பில் போட்டிருக்கிறேன். பத்துக்கு நான்கு. மகள் என்பதால் ஒரு மார்க் கூட்டவில்லை.

அத்தாவிடம் பேசம்மா. போனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற கோலத்தை நீ பார்த்திருந்தால் பேசியிருப்பாய்.

அம்மா


பெண்கள் விடுதி,
24 ஆகஸ்ட் 2025

அம்மாவுக்கு,

சலாம். சுகம்.

திருத்திய படம் வந்தது. நான் பார்த்தபடிதான் வரைந்தேன். எந்த நேரம் பார்த்தாலும் நிழல் அப்படியேதான் இருக்கிறது. தப்பு என்றால் மன்னிக்கவும்.

இனாயா


செங்கல்பட்டு,
7 செப்டம்பர் 2025

இனாவுக்கு,

சலாம். மீலாது அன்று நெய்ச்சோறு செய்து வைத்துக்கொண்டு உன்னை நினைத்து நினைத்து, கடைசியில் எதிர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். உடம்பு எப்படி இருக்கிறது? நாலு வரி எழுதினால் எனக்கு என்ன தெரியும்?

கோபித்துக்கொண்டாய் என்று தெரிகிறது. ரோஷம் இருக்கட்டும், ஆனால் பாடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காலை முதல் மாலை வரை மாறாத நிழல் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. சூரியன் நகர்ந்தால் நிழல் நகரும். நீ பார்த்ததை வரையவில்லை, நினைத்ததை வரைந்திருக்கிறாய். படிப்பு நினைப்பில் அவசரமாகக் கிறுக்கி அனுப்பினால் இப்படித்தான் வரும்.

ஆசிரியர் தின விழாவில் இருபத்தாறு பேருக்குப் பாராட்டுச் சான்றிதழ். இருபத்தாறு பேரையும் கொட்டை எழுத்தில் நான்தான் எழுதினேன். எழுதி முடித்து அடுக்கும்போதுதான் என் பேர் பட்டியலில் இல்லை என்று கவனித்தேன். பகுதிநேரத்துக்குக் கிடையாதாம். மேடையில் சிரித்துக்கொண்டே மைக் சரிசெய்தேன். இதையெல்லாம் உன்னிடம் சொல்வது அழுவதற்கு அல்ல. நீ ஏன் அங்கே இருக்கிறாய் என்று மறக்காமல் இருப்பதற்கு.

காலாண்டு லீவில் அழைத்து வர நாள் கேட்டிருக்கிறேன்.

அம்மா


பெண்கள் விடுதி,
5 அக்டோபர் 2025

அம்மாவுக்கு,

சலாம். சுகம். பத்தாம் வகுப்புக்குக் காலாண்டு லீவு இல்லை. நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்கள்.

வீட்டுப்பாடம் வைத்திருக்கிறேன். இதயத்தின் உட்புற அமைப்பு. படம் வரைந்து பாகங்களைக் குறித்திருக்கிறேன். அறிவியல் படத்தில் நிழல் போடக் கூடாது, போட்டால் மார்க் போய்விடும். அதனால் இதில் தப்பு இருக்காது.

இனாயா


விடுதி வாசல்,
18 அக்டோபர் 2025, சனி

இனா, என் கண்ணே,

நான் கேட்டுக்கு வெளியே, பார்வையாளர் கொட்டகையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காலை ஏழு மணிக்கே வந்துவிட்டேன். சிறப்புக் கவனத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க அனுமதி இல்லை என்கிறார்கள். வாட்ச்மேன் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறேன், கொண்டுவந்து கொடுப்பார் என்று நம்புகிறேன். வார்டன் படித்தால் படிக்கட்டும். இனி எனக்கு அவரிடம் சலாம் கிடையாது.

நேற்று வெள்ளிக்கிழமை. கலைத் திருவிழாப் பரிசுகளை வைக்க இடம் வேண்டுமென்று என் ஓவிய அறையை எடுத்துக்கொண்டு, சாமான்களை எல்லாம் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோரில் போட்டுவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு நிழல் பாடம். வாளி எடுக்கப் போனேன். அந்த ஸ்டோருக்கு ஜன்னல் இல்லை. சுவிட்சைப் போட்டேன். தலைக்கு மேலே ஒற்றை பல்பு. கீழே தரையில் வாளி.

வாளியைச் சுற்றிக் குட்டையாக ஒரு திட்டு நிழல். நான் சிவப்பு மையால் அடித்தேனே, அதே நிழல்.

பிள்ளைகள் வெளியே கத்திக்கொண்டிருந்தார்கள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சூரியன் நகரும், பல்பு நகராது. எந்த நேரம் பார்த்தாலும் அப்படியேதான் இருக்கிறது என்று நீ எழுதினாய். ஜன்னல் எந்தப் பக்கம் என்று நான் கேட்டேன். ஜன்னலே இல்லாத அறையில் என் பிள்ளையை வைத்திருக்கிறார்கள், அவள் அதை எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் எழுதி அனுப்பியிருக்கிறாள், நான் அதற்குப் பத்துக்கு நான்கு போட்டு அனுப்பியிருக்கிறேன். என் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று இருக்கிறது.

அத்தாவிடம் சொன்னேன். "இன்னாத்துக்கு இப்ப பேஜாரு பண்ற? ஒரு வாளி படத்த வச்சிக்கினு ஸ்கூலாண்ட போய் சண்ட போடுவியா? மார்ச்சு வரைக்கும் பொறுத்துக்க சொல்லு" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகிற கூட்டம். நின்றுகொண்டேதான் வந்தேன்.

உன் படம் சரி. இரண்டு மாதம் கழித்துச் சொல்கிறேன், உன் படம் சரி. ஒரு வரி எழுதி அனுப்பு. உன்னைப் பார்க்காமல் நான் இந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டேன்.

அம்மா


(நாள் இல்லை)

அம்மா

கேட்டில்தானே இருக்கிறீர்கள். போய்விடாதீர்கள். என்னைக் கூட்டிப் போய்விடுங்கள். வீட்டிலிருந்து படித்தால் தொண்ணூறு எடுக்கிறேன், வல்லாஹி, சத்தியமாக. இனி வரைய மாட்டேன்.


செங்கல்பட்டு, நம் வீடு,
23 நவம்பர் 2025, ஞாயிறு

அன்பு இனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ முன்னறையில் இருக்கிறாய், நான் அடுப்படியில் இருக்கிறேன். நடுவில் எட்டடி தூரம். ஆனாலும் கடிதம்தான் எழுத வேண்டியிருக்கிறது. நீ வந்து ஐந்து வாரம் ஆகிறது. தண்ணீர் வேண்டுமா என்றால் தலையாட்டுகிறாய், அவ்வளவுதான். வீட்டுக் கதவெல்லாம் திறந்து கிடக்கிறது. ஒரு கதவையும் சாத்த விடுவதில்லை நீ. கொசு கடிக்கிறது, கடிக்கட்டும். அத்தா ஸ்குரூ டிரைவரை எடுத்து, உன் அறைக் கதவில் வெளிப்பக்கம் இருந்த தாழ்ப்பாளைக் கழற்றித் தெருக்கோடியில் வீசிவிட்டு வந்ததைப் பார்த்திருப்பாய். அன்றைக்கு அவர் விடுதி வாசலுக்கு யூனிபார்மோடு வந்து நின்றாரே, ஷிப்டு முடித்து நேரே பஸ் ஏறியவர், அவர் போட்ட சத்தத்தில்தான் கேட்டைத் திறந்தார்கள். வாய் கொஞ்சம் அதிகம், மனசு அப்படி இல்லை.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது அத்தா இல்லை. நான்தான்.

அத்தா, "டிராயிங் இருந்துட்டுப் போட்டுமே, புள்ளைக்கு ஆசை" என்றுதான் சொன்னார். நான் பேனாவை வாங்கி, வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். ஒரு டிராயிங் மிஸ், தன் பிள்ளைக்கு டிராயிங் வேண்டாம் என்று. உன் கை என் கையைவிட நல்ல கை, அது எனக்குத் தெரியும். அதனால்தான் பயந்தேன். கழிப்பறைச் சுவரில் எழுதிக்கொண்டு, அடுத்தவர் சான்றிதழில் பேர் எழுதிக்கொண்டு நிற்பாயே என்று பயந்தேன். நீ கேட்டபோது பழியை அத்தா மேல் போட்டேன். மூன்று மாதம் நீ அவரிடம் பேசவில்லை, நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். இதற்கு மாப்பு கேட்கும் தகுதிகூட எனக்கு இல்லை, இருந்தும் கேட்கிறேன்.

போன வாரம் பத்தாம் வகுப்புக்குப் போய், இது என் பீரியட் என்று பார்த்தசாரதி சாரிடம் சொன்னேன். "இன்னா மிஸ், திடீர்னு?" என்றார், ஆனால் எழுந்து போய்விட்டார். மேஜை மேல் வாளியை வைத்து வரையச் சொன்னேன். நாற்பது பிள்ளைகளில் முப்பது பேர் நிழலே போடவில்லை. கவியா என்ற பெண் வாளியை வரைந்து, கோடு இழுத்து, பாகங்களைக் குறித்திருந்தாள். கைப்பிடி, விளிம்பு, அடிப்பாகம். எட்டாவதில் என்னிடம் கடலும் அலையும் வரைந்த பெண் அவள். என்னால் மார்க் போட முடியவில்லை. சிவப்புப் பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

இப்போது உன்னால் ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. நாங்கள் கொடுத்த புகாரை விசாரிக்க அதிகாரிகள் அந்தப் பள்ளிக்குப் போனார்களாம். அந்த அறையில் சைக்கிள்களை நிறுத்தியிருந்தார்களாம். இங்கே என்னைக் கூப்பிட்ட அதிகாரி, "பொண்ணு வாயத் தொறந்து சொன்னா எழுதிக்கலாம்மா. வாளி படத்த மட்டும் வச்சிக்கினு நாங்க இன்னா பண்றது?" என்றார். பள்ளியிலிருந்தும் போன் வந்தது. பொதுத்தேர்வுக்கு உன் பேர் அவர்கள் பட்டியலில்தான் இருக்கிறது. புகாரை வாபஸ் வாங்கினால் ஹால் டிக்கெட் வீடு தேடி வருமாம். வாங்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர்கள் சொல்லவில்லை. அத்தா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சைக்கிளை எடுத்துவிட்டால் அது மறுபடி அறைதான், அடுத்து எழுபத்தொன்று எடுக்கப்போகும் பிள்ளை யாரோ என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

உன்னைப் பேசச் சொல்லமாட்டேன். உன்னை வெளியே கூட்டிவந்த அன்று அந்த அறையை வாசலில் நின்று அரை நிமிஷம் பார்த்தேன். நினைவிலிருந்து வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். பல்பு, வாளி, பாய், கதவு. புகார் மனுவோடு கொடுக்கலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். தப்பு இருந்தால் திருத்து. சிவப்புப் பேனாவையும் வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று பட்டால் கிழித்துப் போட்டுவிடு, மனுவை நான் வாபஸ் வாங்குகிறேன், நீ தேர்வு எழுது. இந்தத் தடவை உனக்குப் பதிலாக நான் எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன்.

தலையணைக்குக் கீழே வைக்கிறேன். ரசம் அடுப்பில் இருக்கிறது. பசித்தால் வா.

அம்மா


24 நவம்பர் 2025

அம்மாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். ரசம் குடித்தேன். உப்பு குறைவு.

அத்தாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். உங்களிடம் பேச இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

படத்தைத் திருத்தியிருக்கிறேன். பல்பு சரி. நிழல் சரி. பாய் இவ்வளவு அகலம் இல்லை, காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். சுவரில் கோடுகள் விட்டுப்போயிருக்கின்றன, நாள் எண்ணுவதற்கு நான் போட்டவை. தொண்ணூற்றொன்று இருக்க வேண்டும், சிவப்பில் போட்டிருக்கிறேன்.

கதவில் பெரிய தப்பு. உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வரைந்திருக்கிறீர்கள். நீங்கள் பார்த்ததை வரையவில்லை, நினைத்ததை வரைந்திருக்கிறீர்கள். அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது.

அதை அழித்துவிட்டு மனுவைக் கொண்டு வாருங்கள். கையெழுத்து நான் போடுகிறேன்.

இனாயா